நாலு மணிப் போத்தல்

ஆதம்பாவாவின் கண் ஒப்பரேசன் இரண்டாம் தடவையும் தள்ளிப்போன அன்று, திருகோணமலையிலிருந்து கிண்ணியா வரும் பஸ்ஸில் ரபீக்கா புருஷனை ஊரறிய ஏசினாள். "களவாத் திண்டு திண்டு கண்ண நாசமாக்குற மனிசன். சீனி இருநூத்தி எழுபதாம். அது சும்மா ஏறுமா?" கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் மீன்கூடையோடு இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆதம்பாவா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி, "வல்லாஹி, நான் ஒண்டும் திண்ணயில்ல புள்ள" என்று அதே சத்தியத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே அவருக்குத் தெரிந்தது வெறும் வெளிச்சம்தான்.

வலக்கண் போய் ஒரு வருஷம். இடக்கண்ணிலும் புகை. பாலத்தடி ரோட்டோரம் சட்டித் தயிர் விற்கிற குடும்பம் அது. இப்போது அவர் பால் ஊற்றினால் பாதி சட்டிக்கு, பாதி நிலத்துக்கு. போன கிழமை சந்தையில் மரக்கறி விற்கிற றுக்கியாவைத் தன் பெண்சாதி என்று நினைத்து, காலையில் விட்ட சண்டையின் மிச்சத்தை அவளிடம் போட்டுவிட்டு வந்தார். றுக்கியா அதை வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தாள். ரபீக்காவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதாள். பதினாலு நாளில் திரும்ப வரச்சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் சீனி இறங்காவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், அடுத்த முறை வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் இருக்கிற புகையும் இருட்டாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அவள் செய்யாத காவலா? சீனி டின் அலுமாரிக்குள் பூட்டுப்போட்டு இருந்தது. சோறு ஒரு கோப்பைக்கு மேல் இல்லை. மாம்பழம் வாசற்படி மிதிக்கவில்லை. பஸ்ஸால் இறங்கிய கையோடு தேத்தண்ணிக்கடை நஸ்ரியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டாள். வெறும் தேத்தண்ணி தவிர மாமாவுக்கு ஒன்றும் கொடுத்ததில்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நாலு நாள் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, பள்ளிவாசல் வாசல்வரை மனிசனின் பின்னாலேயே போனாள். பக்கத்து வீட்டு சுஹைராவிடம் சீனி பார்க்கிற மெஷினையும் கடன் வாங்கிக்கொண்டாள். சுஹைரா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மெஷின் காலையில் நூற்றி அறுபது காட்டியது, பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முன் இருநூற்றி எண்பது. இடையில் மனிசன் அவள் கண்ணை விட்டு மறையவே இல்லை.

"நீங்க என்னென்ன குடுக்கிற, சொல்லுங்க மாமி" என்றாள் சுஹைரா.

ரபீக்கா பெருமையோடு சொன்னாள். மீன், கீரை, ஒரு கோப்பைச் சோறு. பிறகு யோகட் போத்தல், ஸ்ட்ரோபெரி. தயிர் நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த புளித்தயிர் அவருக்கு இறங்கவில்லை. அதனால் போத்தலில் வருகிறதை வாங்கினாள். முதல் தடவை ஒப்பரேசன் தள்ளிப்போனபோது மனிசன் மெலிந்துபோனார் என்று நாலு மணிக்கு ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினாள். கிளினிக்கின் வாங்குப் பலகையில் காத்திருந்து களைத்தபோதும் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து உடைத்துக் கொடுத்தாள்.

சுஹைரா போத்தலைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள். "நூறு மில்லிக்குப் பதிமூணு கிராம் சீனி மாமி. போத்தல் இருநூறு மில்லி. இருபத்தாறு கிராம். அஞ்சு தேக்கரண்டிக்கும் கூட."

"போடி விசரி. தயிருக்குள்ள ஆரு சீனி போடுவா?"

முப்பது வருஷம் தயிர் உறைய வைத்தவளின் கேள்வி அது. பால் காய்ச்சுவது, உறை ஊற்றுவது, மூடி வைப்பது; அவ்வளவுதான் தயிர். சீனியோ கருப்பட்டிப் பாணியோ தின்கிறவன் தன் பீங்கான் தட்டில் போட்டுக்கொள்வான். வேறு யாராயிருந்தாலும் ஒரு வாய் குடித்ததும் சந்தேகப்பட்டிருப்பார்கள். தயிர்க்காரிக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை, இனிப்பெல்லாம் பழத்தால் வந்தது என்றே இருந்துவிட்டாள்.

"கொஞ்சம் பாலிலயே இரிக்கிற இனிப்பு. மிச்சம் போட்டது" என்றாள் சுஹைரா. "கல்சியம் இரிக்கு, புரதம் இரிக்கு, கொழுப்பும் குறைவு. கெட்ட சாமான் இல்ல. மாமாவுக்குத்தான் ஏலாது."

சுஹைரா வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு இருபது எட்டு. அந்த இருபது எட்டுக்குள் ரபீக்காவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. கடையில் போத்தல் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சீனி தானாக இறங்கும், ஒப்பரேசன் நடக்கும், நான் காவல் இருந்ததால்தான் மனிசன் திருந்தினார் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்யலாம். வெட்கம் அந்த யோசனையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது.

ஆதம்பாவா முற்றத்துக் கதிரையில் முகம் கழுவிச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். "வந்திட்டியா? நாலாகுதே."

"இண்டைக்கு இல்ல. இனியும் இல்ல" என்றாள். யோசனை எங்கே போனதென்று தெரியவில்லை. "அதுக்குள்ள சீனியாம். நான்தான் ஒங்களுக்குத் தந்து தந்து ஏத்தியிரிக்கன்."

அவர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். "அப்ப நான் கள்ளனில்ல."

"இல்ல."

"பஸ்ஸில எல்லாருக்கும் கேக்கச் சொன்னாய்."

"ஓம். மாப்புச் செய்யுங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அது சீனியெண்டு எனக்குத் தெரியும் புள்ள."

"என்ன?"

"கண்ணிலதானே புகை. நாக்குக்கு என்ன? இவ்வளவு ஏறுமெண்டுதான் தெரியா."

ரபீக்காவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மெஷினை எறியப் பார்த்தாள். அது சுஹைராவுடையது என்பதால் தப்பியது. "தெரிஞ்சா ஏன் வாயத் தொறக்கயில்ல? ஒங்கட கண்ணல்லோ போகுது!"

அவர் கதிரைக் கையில் உரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டினார். "விடிஞ்சா நீ அடுப்போட, சட்டியோட. கிட்ட வந்தா ஏசத்தான் வாற. நாலு மணிக்கு மட்டும் மூடியத் தொறந்து கையில தந்திட்டு, குடிச்சு முடியுமட்டும் பக்கத்தில இரிக்கிற. சொன்னா அதுவும் நிண்டிரும்."

அந்த மனிசனை அடிப்பதா அணைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு இரண்டு கண்ணும் போகவேண்டியிருந்ததா? உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெறும் தயிரும் ஒரு கரண்டியும் எடுத்து வந்தாள். மற்றக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"புளிக்குது" என்றார் முதல் வாயிலேயே.

"புளிக்கட்டும். இன்னும் பத்து நாள் இரிக்கு."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கரண்டியை எடுத்தார். பிறகு றுக்கியாவிடம் அன்றைக்கு என்னென்ன ஏசினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார், சொல்லும்போதே சிரித்தார். சிரித்த முகம் ரபீக்காவுக்கு ஒரு முழம் தள்ளி, வேலியோரக் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கி, அந்தப் பார்வை விழுந்த இடத்தில் வைத்து உட்கார்ந்தாள்.