நீலப்பூவுக்கு வைத்த ஐஸ்

மட்டக்களப்பு வெயிலில் அந்தப் பூ பூக்காது என்று யசோதினிக்குச் சொல்லாத ஆள் அயலில் பாக்கியில்லை. தங்கள் வீட்டுச் செவ்வரத்தைச் செடி பட்டுப்போனால் திரும்பியும் பார்க்காதவர்கள்கூட இந்தச் செடிக்கு மட்டும் நிபுணர்களாகிவிட்டார்கள். "அது மலைநாட்டுச் சாமான் கா, இஞ்ச வராது" என்பார்கள். சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சோறு தின்பார்கள். அதைக் கேட்டுப் பயந்துகொண்டு நின்றது அவள் புருஷன் நிதுர்ஷன்தான்.

அவனுக்குப் பூ ஆசை எல்லாம் கிடையாது. வாவிக்கரையில் விடியற்காலம் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, மோட்டார் சைக்கிளில் வவுணதீவுப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவன். ஆனால் அந்தச் செடி செத்தால் யசோதினி மறுபடியும் படுத்துவிடுவாள், இந்த முறை எழும்பமாட்டாள் என்று அவன் உறுதியாக நம்பினான். அந்தப் பயம் அவனை மீன் விற்கும்போதும் விடவில்லை.

நுவரெலியா பார்க்க வேண்டும் என்று வயிற்றுப் பிள்ளையோடு ஒற்றைக்காலில் நின்றவள் யசோதினி. அவனும் கூட்டிக்கொண்டு போனான். தங்கிய விடுதியின் வேலியோரம் முழுக்க நீளத் தண்டுகளில் நீலக் கொத்துகள். அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தோட்டக்காரர் முனியாண்டி சிரித்துக்கொண்டே ஒரு புதரைப் பிளந்து, வேரோடு இரண்டு துண்டு கொடுத்தார். அகபாந்தஸ் என்று பேரும் சொன்னார். "புள்ள பொறக்கிற நேரம் இது பூத்திரிக்கும் பாருங்க" என்று நிதுர்ஷனிடம் சொல்லிச் சொல்லி, அவள் வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து, முற்றத்தில் இரண்டு சாடிகளில் நட்டாள்.

பிள்ளை மூச்சில்லாமல்தான் பிறந்தது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவளுடைய தாய் சின்னத்தங்கம் வாசலில் நின்று அழுதாள். அழுகையோடு அழுகையாக, "அந்த வளைஞ்ச மலை றோட்டுல போகாட்டி எண்ட பேரன் இரிந்திருப்பான்" என்றாள். வார்த்தையை விட்டபின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் யசோதினி உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்ததுதான். சோறு கொண்டுபோனால் அப்படியே திரும்பி வரும். ஒருநாள் ஆடு ஒன்று வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து செடியைக் கடித்தது. அதைத் துரத்தத்தான் முதன்முதலாக எழும்பினாள். எழும்பியவள் தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். முற்றத்துக்கு வந்ததால் முகம் கழுவினாள், முகம் கழுவியதால் தேத்தண்ணி குடித்தாள். அவளை எழுப்ப மனுசரால் முடியாததை அந்த இலைக்கூட்டம் செய்துவிட்டது. சாடிகள் இரண்டையும் அவள் ஒருவரையும் தொட விடமாட்டாள்.

ஆனால் மொட்டு வரவில்லை. அவள் ஒவ்வொரு காலையும் இலைகளை விலக்கி நடுவே பார்ப்பதையும், பார்த்துவிட்டுத் தோள் தொங்கத் திரும்புவதையும் நிதுர்ஷன் கண்டான். பொறுக்க முடியாமல் முனியாண்டிக்குப் போன் எடுத்தான்.

"குளிரு வேணும் தம்பி" என்றார் அவர். "நல்லா குளிரு பட்டாத்தான் பூத்தண்டு கெளம்பும். அங்க குளிருக்கு எங்க போவீங்க?"

குளிருக்கா? ஐஸ் விற்கும் கொம்பனிக்காரனுக்கு அடுத்தபடி, அந்தக் கரையில் குளிர் வைத்திருப்பவன் அவன்தானே! அன்று மத்தியானம் பெட்டியில் மிஞ்சிய ஐஸை, அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சாடிகளின் மண்மேல் பரப்பினான். அவள் எழும்புமுன் அது கரைந்துபோயிருந்தது. அடுத்த நாளும் பரப்பினான். கச்சான் காற்று நெருப்பாய் வீசிய அந்த மாதம் முழுக்க, மீன் விற்றுத் திரும்பியதும் அவனுக்கு அதுவே வேலை. பூத்தபின் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியே சிரித்துக்கொண்டான், பாவி.

இலை நுனிகள் கருகின. பிறகு மஞ்சளாகின. வெயில் என்றான் நிதுர்ஷன், இன்னும் கொஞ்சம் ஐஸைக் கூட்டினான். யசோதினி தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள், சாடிகளை நிழலுக்கு இழுத்தாள். ஒரு காலை இலையொன்றை விலக்கப்போக, அது அடியோடு கழன்று கையில் வந்தது. அடி அழுகியிருந்தது. அவள் அதை அப்படியே கீழே போட்டாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்தவனைச் சின்னத்தங்கம் படலையிலேயே மறித்தாள். "தம்பி, அவள் பழையபடி படுத்திட்டாள். தண்ணியும் வேணாமாம். எனக்குப் பயமா இரிக்கி."

அவன் சாடிகளுக்கு ஓடினான். காய்ந்த மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

மீன் கெடாமல் பெட்டி கூடுதலாகக் குளிர்வதற்காக, ஐஸை நொறுக்கும்போதே உப்புப் போட்டுக் கலப்பது மீன்காரர் வழக்கம். கை பழகிய வேலை, புத்தி அதில் நிற்பதில்லை. ஒரு மாதமாகத் தன் கையாலேயே உப்புக் கொட்டியிருக்கிறான். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டான். செடியைப் பிடுங்கினான், வேர் கூழாகப் பிசுபிசுத்தது. மற்றதும் அப்படித்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். செத்ததைக் கழுவி என்ன?

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெயில் கொன்றது என்று ஊரே சாட்சி சொல்லும். அந்த எண்ணத்தோடுதான் அறைக்குள் போனான்.

"எண்ட கையில ஒண்டும் நிக்காது" என்றாள் அவள் சுவரிடம். "அது வயித்துல இரிந்தாலும் சரி, சாடியில இரிந்தாலும் சரி. நான் தொட்டா செத்திரும்."

அவன் அவள் பக்கத்தில் குந்தினான்.

"யசோ, நான்தான் செடியச் சாகடிச்சன். மீன் பெட்டி ஐஸ் போட்டன், குளிர் வேணுமெண்டு. உப்புக் கலந்த ஐஸ். ஒவ்வொரு நாளும் போட்டன். நீ இல்ல."

அவள் திரும்பினாள். மெதுவாக எழும்பி உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்தத் தொடங்கினாள். இவ்வளவு பலம் அவளிடம் எங்கே இருந்ததோ! அவன் தடுக்கவில்லை. சின்னத்தங்கம் ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"நான் இல்லையா?" என்று குத்தினாள் யசோதினி. "சொல்லுங்க! நான் செய்யல்லையா? நான் இல்லையா?"

அவள் கேட்பது செடியைப் பற்றி இல்லை, பிள்ளையைப் பற்றி என்று அவனுக்கு விளங்கியது.  அந்த றோட்டில் போயிருக்கக் கூடாது என்று, சின்னத்தங்கம் வாய்விட்டுச் சொன்னதை, அவனும் இவ்வளவு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அதனால்தான் ஒரு தடவைகூட அவளைத் தேற்ற, பிள்ளை போனது உன்னால் இல்லை என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அவள் குத்துவதை நிறுத்தி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்ல, புள்ள" என்றான் நிதுர்ஷன். சொல்லும்போதே அதை நம்பவும் முயன்றான். அவன் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறான் என்பதை அவள் அவன் முகத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.