ரிஷாதின் கிணறு

புத்தளம் களப்போரமாகப் போகும் பாதையை அகலமாக்கும் வேலையில் நான் சுற்றாடல் அலுவலர். பெயர் அக்கீலா, ஊர் கனமூலை. மரம், தண்ணீர், தூசி, சத்தம் எல்லாவற்றையும் பார்த்துப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. பார்த்தேனோ இல்லையோ, நன்றாக நிரப்பினேன்.

பாதையோரத்தில் ஸுஹைரா மாமியின் வீடு, வாசலில் ஒரு கிணறு. பாதை ஒடுக்கமாக இருந்த காலத்தில் அவருடைய ஒரே மகன் ரிஷாத் மோட்டார் சைக்கிளில் வரும்போது லொறியில் அடிபட்டு மௌத்தானான். அவன் பேரில்தான் மாமி அந்தக் கிணற்றை வெட்டுவித்தார். அதில் யார் குடித்தாலும் கபுறில் இருக்கிற மகனுக்கு நன்மை போய்ச் சேரும். அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் சவர், இது மட்டும் நல்ல தண்ணீர். கிணற்றுக் கட்டின் மேல் எப்போதும் வாளியும் கோப்பையும் இருக்கும். பாதைக்கு நிலம் கேட்டபோது மாமி மறுபேச்சுப் பேசவில்லை. "இன்னொரு உம்மாட புள்ள அடிபடக் கூடாது, எடுங்க" என்றார்.

வேலை தொடங்கியதும் எங்கள் ஆட்கள் அங்கேதான் குடித்தார்கள். நானும்தான். மாமிக்குக் கொள்ளைச் சந்தோஷம். "ஒரு நாளைக்கு அம்பது பேர் குடிக்கிறாங்க மகள். ரிஷாதுக்கு இப்ப ஒவ்வொரு நாளும் பெருநாள்!"

மாசியில் தூசி கிளம்பியது. கோப்பையில் மண் படிகிறது, குடிக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று மாமி முறையிட்டார். அவர் வாசலுக்கு மட்டும் தினமும் நான்கு தடவை தண்ணீர் தெளிக்கும்படி தண்ணீர் வண்டியான பவுசரை ஓட்டும் கெவினிடம் சொன்னேன். தூசி அடங்கியது. தண்ணீர் தெளிக்கப்பட்டதா? ஆம். முறைப்பாடு தீர்ந்ததா? ஆம். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பங்குனியில் வாசல் முருங்கை கருகியது. "வெயில், மாமி" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சித்திரையில் ஒரு வேலையாள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினான். நான் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உப்பு.

நேரே கெவினிடம் போனேன். "தண்ணி எங்க அள்ளினீங்க?"

"களப்பில, மிஸ்."

"உப்புத் தண்ணியையா றோட்டில ஊத்தினீங்க?"

"குடிக்கிற தண்ணிக்குச் சனம் குடத்தோட அலையுது. அத மண்ணில ஊத்தினாப் பாவம்தானே மிஸ்?"

எந்தத் தண்ணீர் என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பவுசர் நிரப்பும் இடத்துக்கு ஒரு நாள் போயிருந்தால் போதும். இரண்டு மாதமாக ஊற்றிய உப்பு மணலில் இறங்கி, ஆழமில்லாத அந்தக் கிணற்றில் சேர்ந்திருந்தது. இறைத்து ஊற்றினோம், திரும்பவும் உப்பே ஊறியது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. பல மாரி போனால் ஒருவேளை திருந்தும் என்றார் பொறியியலாளர். கிணற்றருகே ஒரு கறுப்புத் தண்ணீர் டாங்கி வைத்தோம். மாற்று ஏற்பாடு செய்யப்பட்டதா? ஆம்.

அடுத்த கிழமை, மறுநாளே மன்னார்ப் பக்க வேலைக்குப் போகும்படி எனக்கு மாற்றக் கடிதம் வந்தது. சொல்லிவிட்டு வரத்தான் மாமியிடம் போனேன். எங்கள் ஆட்கள் டாங்கியில் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமி கிணற்றடியில் நின்று கோப்பையில் தண்ணீர் வார்த்து, பிஸ்மி சொல்லி வாயில் வைத்தார். அவருக்கு பிரஷர், உப்பே கூடாது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "என்ன மாமி செய்றீங்க?"

"பள்ளிவாசல் ஹஸரத்திட்டக் கேட்டன் மகள். ஒராள் குடிச்சாலும் நன்மைதானாம். ஒரு நாளைக்கு ஒரு கோப்பதான் குடிக்கிறன். நானும் விட்டா, என்ட புள்ளைக்கு ஆரு இருக்கா?"

அழுகை வந்தது. கோப்பையை அவர் கையிலிருந்து பறித்து முழுவதையும் நான் குடித்தேன். தொண்டை எரிந்தது.

மாமியின் முகம் மலர்ந்தது. "நாளைக்கும் வருவீங்களா மகள்?"

அவ்வளவு நாளும் படிவத்தில் எழுதியதைப் போலவே, "ஓம்" என்றேன்.