பாலிகை மண்

சித்தி பெண்ணின் கல்யாணம் முடிந்த மறுநாள் மாலைதான் ஹம்சினி மொட்டைமாடிக்குப் போனாள். காயவைத்திருந்த ஐந்து மண் பைகளில் கடைசிப் பை காலி.

கீழ்வீட்டுச் சூடாமணி சித்தியிடம் ஓடினாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அலுப்பில் சித்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அந்த மண்ணா? நாலு நாள் முன்னாடியே பாலிகை தெளிக்க எடுத்துண்டேன்டி. அஞ்சு கிண்ணத்திலயும் தானியம் எப்படி முளைச்சிருக்கு தெரியுமா! கல்லில்லாம எவ்வளவு அழகா சலிச்சு வச்சிருந்தே! புத்து மண்ணுக்கு மந்தவெளில நான் எங்க போவேன்?"

இமயமலையில், நிலநடுக்கத்தில் சரிந்த ஒரு மலையின் உச்சி மண் அது; மற்ற நாலும் கீழ்ச்சரிவு மண். ஹம்சினியே முதுகில் சுமந்து இறக்கியது. மழைக்கு மழை மண் சரிவதால் ஆறு வருடமாக அங்கே ஒரு புல் இல்லை. மண்ணுக்குள் உயிருள்ள விதை இருந்தால், மண் நிலைத்ததும் சரிவு தானாகப் பச்சை பிடிக்கும். இல்லையென்றால் எங்கிருந்தோ மரக்கன்று கொண்டுபோய் நடுவார்கள். எது என்று ஒரு மாதத்துக்குள் தாவர ஆராய்ச்சிக்காரியான அவள் வனத்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உச்சிக்குப் போகும் பாதை இப்போது இல்லை. மழை அடித்துப் போய்விட்டது.

"பாலிகைக் கிண்ணமெல்லாம் எங்க சித்தி?"

"சித்தப்பா கரைக்க எடுத்துண்டு போயிருக்கார். பெசன்ட் நகர்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இவ்ளோ அவசரம்?"

"எங்க சித்தப்பா ஒரு மலையைக் கடல்ல கரைக்கப் போறார்."

"பலே ஆளாகீறாரே!" வண்டி பறந்தது.

சந்திரமௌலி வேட்டியை மடித்துக் கட்டி, கணுக்காலளவு தண்ணீரில் நின்றிருந்தார். முதல் கிண்ணம் போய்விட்டது. இரண்டாவது கையில்.

"சித்தப்பா, நிறுத்துங்கோ!"

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "கரைக்காமத் திரும்பினா உன் சித்தி என்னைக் கரைச்சுடுவா, ஹம்ஸு."

"பயிரைக் கரையுங்கோ. மண் மட்டும் எனக்கு."

அவர் யோசித்தார். சாஸ்திரிகளுக்கு ஃபோன் போட்டார். சாஸ்திரிகள் ஏதோ டிபனில் இருந்தார். "முளை தண்ணில போனாச் சரி. மண்ணை யார் கேட்டா?"

இருவரும் மணலில் உட்கார்ந்து, நெல், உளுந்து, பயறு, எள், கடுகு என்று நாற்றுகளைப் பிடுங்கி, வேரை உதறினார்கள். சுண்டல்காரர் நின்று பார்த்தார். "இன்னா சார், தொலைஞ்சிச்சா?"

"மலை," என்றார் சந்திரமௌலி.

நான்கு கிண்ணத்து மண்ணை ஹம்சினி தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, வலை போட்டு மூடினாள். பக்கத்திலேயே, உள்ளிருக்கும் விதை சாகும்படி வறுத்த தெருமண் ஒரு தட்டு. மெட்ராஸ் காற்றில் வந்து விழும் விதை எதுவென்று அது காட்டிக்கொடுக்கும்.

முதல் வாரம் தப்பிய கடுகு. அப்புறம் இரண்டு தட்டிலும் குப்பைமேனி. மூன்றாம் வாரம் மலைத்தட்டில் மட்டும், நுனி வெட்டுப்பட்ட சின்ன இலைகளோடு ஏழு செடிகள். ஒன்றைக் கிள்ளிக் கசக்கிச் சித்தியிடம் நீட்டினாள்.

சித்தி மோந்து பார்த்தாள். "தவனமா? இல்லையே. அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கை மாதிரின்னா இருக்கு!"

சித்தி சொன்னது சரி. அந்த மலைச்சரிவுகளில் முதலில் குடியேறும் செடி அது.

ஹம்சினி அன்றே எழுதி அனுப்பினாள்: உச்சி மண்ணில் விதை உயிரோடு இருக்கிறது. கன்று நடவேண்டாம். காத்திருங்கள்.