முயன்றார்

ஒன்பது வருடம் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில், டெட்மர்ஸின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தேன். விலகும்போது அவர் தந்த சான்றிதழில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. "தமக்கு இட்ட பணிகளைச் செய்ய எப்போதும் முயன்றார். வாடிக்கையாளர்களிடம் மனம் திறந்து பேசினார்." படித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கும் என் தோழி கேசா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடியே, இத யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல. நாளைக்கு வேலை கேட்டு த்யாடன் மேடம் கண்ணாடிக் கடையில காட்டணும். ஏன்?"

"'முயன்றார்'னா வேலை தெரியாதவன்னு அர்த்தம். 'மனம் திறந்து'ன்னா வாயாடி. கெட்டது எழுதக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல, அதான் பூ வச்சு எழுதுறாங்க. ஆள் எடுக்கிற எல்லாருக்கும் இது தெரியும்டி."

பஸ்ஸில் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவதூறு என்றால் பொய் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். நான் முயன்றது உண்மை. பேசியதும் உண்மை. ஒரு கிழவரின் லென்ஸைக் கடையிலேயே தப்பான பவரில் செய்துவிட்டு, அவர் கண்தான் கெட்டுவிட்டது என்று டெட்மர்ஸ் சொன்னார். நான் அந்தக் கிழவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

நேராக டெட்மர்ஸின் கடைக்குப் போனேன்.

"இதுல கெட்ட வார்த்தை எங்க இருக்கு, காட்டுங்க மேடம்," என்றார் டெட்மர்ஸ், சிரித்தபடி.

"எங்கயும் இல்ல சார். அதான் வந்தேன். வேலை தெரியாதவன்னு நேரா எழுதி கையெழுத்துப் போடுங்க."

சிரிப்பு நின்றது. "சரி, பிரமாதமா ஒண்ணு அடிச்சுத் தரேன். அந்தக் கிழவர் விஷயத்த வெளிய பேச வேணாம், என்ன?"

அது கையில் இருந்தால் வேலை நிச்சயம். பழைய தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"வேணாம் சார். இதுவே இருக்கட்டும்."

மறுநாள் த்யாடனிடம் அந்தத் தாளையே நீட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதன் பொருளை நான் பேனாவில் எழுதியிருந்தேன். கடைசியில் கிழவரின் கதையையும்.

அவர் மெதுவாகப் படித்தார்.

"டெட்மர்ஸ எனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

"அப்போ அவரையே கேளுங்க மேடம். அந்த லென்ஸோட பவர் என்னன்னு மட்டும் கேளுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார். நான் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.