சிவப்புன்னா செத்தது

பதினொரு வருஷமாக இந்த மலைப்பக்கத்துப் பெண்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக, எங்கள் மேய்ச்சல் நிலத்தில், காலி சோடா டப்பாக்களை வரிசையாக நிறுத்திவைத்து. ஒருத்திக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம், பாடம் நடத்த இடம் தரும் சர்ச் கூடத்துக்காரர்கள் வந்து, இனிமேல் பயிற்றுநர் சான்றிதழ் இருந்தால்தான் வகுப்பு என்றார்கள். லோர்னா டாக்கெட்டிடமே சான்றிதழ் கேட்கிறார்களா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தும் அந்தச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன்.

இரண்டு நாள் வகுப்பு. பாதியில் எழுந்து போனால் பெயரை அடித்துவிடுவார்கள், அடுத்தது அக்டோபரில்தான். நடத்தியவன் கிளே ரிச்சி, பட்டாளத்திலிருந்து வந்தவன், என் மகன் வயது. சனிக்கிழமை மதியம், மற்றவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டுவது என் முறை.

என்னுடைய டம்மி தோட்டாக்களையே கொண்டுபோயிருந்தேன். ரிவால்வரில் போட்டு, வெடிக்காமல் விசையை இழுத்துப் பழகுவதற்கானவை. வெடித்து முடிந்த கூட்டில், மருந்து போடாமல், குண்டை மட்டும் பொருத்தி நானே செய்தவை. அடியில், துப்பாக்கியின் ஊசி குத்தி நெருப்புப் பற்றவைக்கும் பொட்டின்மேல் சிவப்பு நகப்பூச்சு தடவிவிடுவேன். 'சிவப்புன்னா செத்தது.' என் மாணவிகள் எல்லோருக்கும் இது மனப்பாடம். அந்த வாசகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பாடம் தொடங்குமுன் கிளே ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். நாலாவதை இரண்டு முறை குலுக்கினான்.

"மிஸ் லோர்னா, இது செத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு தெரியலையா? சிவப்பு இருக்கே."

அவன் அதை என்னிடம் கொடுத்தான். காதில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே உப்பு ஜாடியை ஆட்டினாற்போலச் சரசரவென்றது. வெளியே கொண்டுபோய்ப் பிரித்துக் கவிழ்த்தான். அவன் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் வெடிமருந்து கொட்டியது.

எனக்கு அந்தக் குளிர்கால மதியம் ஞாபகம் வந்துவிட்டது. சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, இந்தப் பக்கம் டம்மிகள், அந்தப் பக்கம் அன்று நானே செய்த நிஜத் தோட்டாக்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். தங்கையோடு ஊர் வம்பு பேசிக்கொண்டே, பக்கம் மாறி நிஜத்திலும் சிவப்புத் தடவியிருக்கிறேன். அன்று தடவியது நாலு டஜன். ஆறை நான் வைத்துக்கொண்டு, மீதியை வீட்டில் பழகிக்கொள்ளுங்கள் என்று ஏழு பெண்களுக்கு ஆறாறாகக் கொடுத்திருந்தேன். அவற்றில் இன்னும் எத்தனை நிஜமோ.

அங்கேயே நின்று ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டேன். ஆறு பேர் எடுத்தார்கள். தொடாதே, அப்படியே வை என்றேன். ஏழாவது ஜெனல் கோம்ஸ். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவள். மதியம் எழுந்ததும், நான் சொன்னபடியே, தினம் இருபது தடவை விசையை இழுப்பாள். அன்று பள்ளி விடுமுறை. ஆறு வயது மேசி வீட்டில் இருப்பாள்.

ஷெரிஃப் ஆபீசில் கேட்டால், போலீஸ் வண்டி போய்ச்சேர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். எனக்கு இருபதுதான். கிளே கதவைத் திறந்து பிடித்தான்.

"போனா பேரை அடிச்சுத்தான் ஆகணும். ஆனா போங்க."

நான் அதற்குள் சாவியை எடுத்துவிட்டிருந்தேன்.

அந்த மலைச்சாலையை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடவுளைக் கும்பிட்டேன், என்னையே திட்டினேன். ஒரே ஆறுதல், எந்தச் சுவரைப் பார்த்துக் குறி வைக்கவேண்டும் என்று நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் துணி துவைக்கும் மெஷின் மட்டும்தான். மெஷின்தானே, மெஷின்தானே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஜெனல் ஈரத் தலையோடு கதவைத் திறந்தாள். உயிரோடுதான் இருந்தாள். போன் படுக்கையறையில் கிடந்ததாம். துப்பாக்கியைக் கேட்டேன், இப்போதுதான் இருபது முடித்தேன் என்று மேசையைக் காட்டினாள். திறந்து ஆறையும் கையில் கொட்டி ஒவ்வொன்றாகக் காதில் வைத்தேன். ஐந்தாவது சரசரத்தது. திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பூச்சு பெயர்ந்து, பொட்டில் ஊசி குத்திய குழி ஆழமாக இருந்தது. ஒன்றல்ல, பல தடவை குத்திய குழி.

"அதுவும் தினம் டிக்குன்னுதான் சத்தம் போட்டுச்சு, மிஸ் லோர்னா. சிவப்புன்னா செத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போது அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து மேசி, கையில் வண்ணப் பென்சிலோடு எட்டிப் பார்த்தாள்.

"அங்க மெஷின்தானே இருந்துச்சு?" என்றேன் ஜெனலிடம்.

"ஈஸ்டருக்கே அதைப் பின்வாசலுக்கு மாத்திட்டேனே. பிள்ளைக்குன்னு ஒரு ரூம் வேணாமா?"

போய்ப் பார்த்தேன். கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது, தலையணை சுவர் பக்கம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். விஷயத்தைச் சொன்னேன். ஜெனல் மேசியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் கடைசிக்குப் போய், நான் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள்.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கிளே அதையும் பிரித்தான். மருந்து முழுசாக இருந்தது. நெருப்புப் பற்றவேண்டிய பொட்டில்தான் எண்ணெய் இறங்கிக் கெட்டுப்போயிருக்கிறது என்றான். தோட்டா செய்யும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட கையைத் துடைக்காமல் வேலை பார்த்திருக்கிறேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அதுகூட என் சாமர்த்தியத்தால் போகவில்லை; என் ஒரு அலட்சியத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றியது இன்னொரு அலட்சியம்.

அக்டோபரில் மறுபடி போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பாடம் நடத்தும் முறை வந்ததும் கிளே ஒரு டம்மியை என் கையில் வைத்து அதே கேள்வியைக் கேட்டான்.

"தெரியாது," என்றேன். "சோதிச்சுப் பாக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது."

சான்றிதழ் கிடைத்துவிட்டது. சர்ச் கூடத்தில் வகுப்பும் நடக்கிறது. மற்ற ஆறு பேரும் வருகிறார்கள். ஜெனல் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் கையசைப்பாள், நலம் விசாரிப்பாள். பேசிக்கொண்டே மேசியை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொள்வாள்.