பதினைந்தாம் நாள் உச்சம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்த சுஜாவுக்குப் பகீரென்றது. ஷேக்கர் ஓடவில்லை. குடுவைகளை இரவு பகலாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டிய இயந்திரம், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, வாடிய கதம்பத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் வளர்த்த நித்தியகல்யாணிச் செல்கள் குடுவைகளின் அடியில் படிந்து பழுப்பேறிக் கிடந்தன. ஆட்டினால்தான் அவற்றுக்குக் காற்று. இரண்டு நாளாக மூச்சு முட்டியிருக்கின்றன, பாவம்.

"வருஷம் பூரா ஓடுற மெஷினும்மா. பூஜை போட்டா ஓய்வு குடுக்கணும்ல? அதான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிறுத்துனேன்," என்றார் அட்டெண்டர் ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்திலிருந்து பூவும் பொரியும் பஸ்ஸில் சுமந்து வந்து பூஜை போட்டவர் அவர்தான்.

"செல்லுக்கு ஏதுண்ணே லீவு? கொன்னுட்டீங்களே!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றைக்கு அந்தப் பொரியைக் கொறித்துக்கொண்டு, ஷேக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் திருவெறும்பூர் பஸ்ஸுக்கு ஓடியவள் தானும்தானே என்று தோன்றியதும் சுஜாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

செல்கள் வளர வளர, பெராக்ஸிடேஸ் என்கிற நொதி எப்படிக் கூடிக் குறைகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மூன்று நாளைக்கொரு முறை அளப்பாள். அன்று பதினைந்தாம் நாள். மனசு கேட்காமல் அளந்தாள். பன்னிரண்டாம் நாளைப்போல் மூன்று மடங்கு! திணறுகிற செல் அந்த நொதியைக் கொட்டத்தான் செய்யும்.

வழிகாட்டிப் பேராசிரியர் பெஞ்சமினுக்கோ வாயெல்லாம் பல். "பிரமாதம்! வளர்ச்சியோட உச்சத்துல எகிறும்னு நான் சொன்னேன்ல? அப்படியே கிராஃப்ல போடும்மா."

"மெஷின் ரெண்டு நாள் நின்னுபோச்சு சார். இது வளர்ச்சி இல்ல."

"அதை எதுக்கு எழுதணும்? மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சா டிசம்பர்ல தீசிஸ் குடுக்க முடியாது. உன் ஃபெல்லோஷிப்பும் முடியுது. யோசிச்சுக்க."

சுஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு புள்ளி தப்பினாலும் காரணத்தை நோட்டில் எழுது என்று நாலு வருஷமாக அவள் உயிரை வாங்கியவர் இதே மனிதர்தான். இப்போது கூசாமல் சொல்கிறாரே!

"செத்துக்கிட்டு இருந்ததை வளர்ந்துச்சுன்னு எழுத மாட்டேன் சார்."

"மெஷின் நின்னது யாருக்கும்மா தெரியும்?" மேசையைத் தட்டினார்.

"எனக்குத் தெரியுங்க சார்." டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார் ரெங்கராஜ். "நிறுத்துனது நான்தானே. யார் கேட்டாலும் சொல்லுவேன்."

பெஞ்சமின் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சுஜா நோட்டை விரித்து, பதினைந்தாம் நாளுக்கு நேரே எழுதினாள்: 'ஷேக்கர் இரண்டு நாள் நிறுத்தம். இந்த அளவு செல்லாது.' பேனாவை ரெங்கராஜிடம் நீட்டினாள். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

டிசம்பர் போனது போனதுதான். சுஜா புதுக் குடுவைகளைக் கழுவ உட்கார்ந்தாள்.