மறுபக்கம் விழுந்த கிணறு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லிமீட்டரின் சுருக்கம். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது என்பது பொறியாளரின் கிண்டல். பன்னிரண்டு வருடமாக அவரிடம் கணினியில் வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தாள். வலி கணவருக்கு. ஒரு கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கியதுபோல் வீங்கியிருக்க, அவர் டோக்கனைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். போனில் இடமில்லை, இடமில்லை என்று இரண்டு நாளாக வந்த நச்சரிப்பு தாங்காமல் அவள் பழைய படங்களை அழிக்க ஆரம்பித்தாள்.

நர்ஸம்மாவின் மனைப் படங்கள் வந்தன. இருபது வருட ஆஸ்பத்திரி வேலைக்குப் பிறகு நர்ஸம்மா சொந்தமாக வீடு கட்டப்போகிற இடம். அளக்கப் போன அன்று எதிர்வீட்டு மாடியில் ஏறி எடுத்த படங்கள் அவை. காலி மனை, வலது ஓரத்தில் தெருவிளக்குக் கம்பம், வலப்பக்க மதிலை ஒட்டி அடுத்த வீட்டுக்காரரின் கிணறு.

அழிக்கப்போன விரல் அப்படியே நின்றது. அவள் போட்ட வரைபடத்தில் கிணறு இடப்பக்கம் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கணினித் திரையை நினைத்துப் பார்த்தாள். போன வாரம் நர்ஸம்மா, மாடிப்படி அந்தப் பக்கம் வந்தால் எப்படியிருக்கும், காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, இடத்தை வலமாக்கும் மிரர் கட்டளையைக் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லைக்கோடு, கம்பம், கிணறு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிட்டாள். எழுத்துகள் மட்டும் திரும்பாதபடி மென்பொருளில் ஒரு ஏற்பாடு உண்டு. அதனால் படிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் செப்டிக் டேங்கை, கிணற்றுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று, எதிர்மூலையில் வைத்தாள். நிஜமான கிணறு அந்த மூலையில்தான் இருந்தது.

வரைபடம் வியாழக்கிழமையே மேஸ்திரி கைக்குப் போய்விட்டது. இன்று காலை குழி தோண்டப் பொக்லைன் வரும் நாள்.

பொறியாளருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மேஸ்திரியின் போன் அணைந்திருந்தது. மறுபடி பொறியாளர். மறுபடி மேஸ்திரி. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஏங்க, நான் சைட்டுக்குப் போகணும். நீங்க பல்லைக் காட்டிட்டு வாங்க, நான் ஆட்டோ பிடிச்சுக்கறேன்."

அவர் ஒரு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். "பல்லு எங்க ஓடிடப்போகுது" என்று குழறலாகச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

வழியெல்லாம் அவள் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது காலைத் தரையில் ஊன்றி இறங்கப்போனாள். "உக்காரு, தள்ளிட்டா போகப்போற" என்றார் அவர். பொக்லைன்காரர்கள் என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்களா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இன்றைக்கும் வராமல் இருக்கட்டும்.

தெரு திரும்பியதுமே இயந்திரத்தின் மஞ்சள் கை தெரிந்தது. வலப்பக்க மதிலை ஒட்டி ஆளுயரக் குழி. பக்கத்தில் ஈரமண் குவியல். மதிலுக்கு மேலே அடுத்த வீட்டுக்காரரின் தலை.

"தண்ணித் தொட்டின்னு நெனச்சு சும்மா இருந்தேன் சார்" என்று அவர் பொறியாளரிடம் கத்திக்கொண்டிருந்தார். "கேட்டா செப்டிக் டேங்க்குங்கறாங்க. நாங்க குடிக்கிற தண்ணி இது."

பொறியாளர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "பேப்பரை எப்படிப் பிடிச்சுப் பாத்த? தலைகீழாவா? எத்தனை வருஷமா வேலை பாக்குற நீ?"

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்தார். விரித்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். தலைமுடியில் சிமெண்டும் நரையும் கலந்த மனிதர். எழுபது வீடுகளாவது எழுப்பியிருப்பார்.

"தெரியலீங்க சார்" என்றார். "எனக்கு இந்தப் பேப்பரோட எப்பவும் தகராறுதான். நான்தான் மாத்திப் பாத்துட்டேன் போல."

மில்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவரை மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. வராததோடு, ஒரு நிம்மதியும் வந்தது. யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கோப்பைத் திருத்திவிட்டால் எப்போதும் தெரியாது.

"வேற ஆளைப் போட்டுக்கங்க சார்" என்று மேஸ்திரி சன்னமாகச் சொன்னார். "கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

"பாக்கலாம்" என்றார் பொறியாளர்.

அந்தப் 'பாக்கலாம்' அவளைப் பிடித்துத் தள்ளியது. "சார், அவர் சரியாத்தான் பாத்திருக்கார். பேப்பரே தப்பு."

"நீ சும்மா இரும்மா. அவருக்காகப் பேசாத. பன்னண்டு வருஷத்துல நீ ஒரு கோடு மாத்திப் போட்டு நான் பாத்ததில்ல."

தன் தப்பையே அவள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மேஸ்திரியின் கையிலிருந்து தாளை வாங்கினாள், போனில் படத்தை எடுத்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்தக் கம்பத்தைப் பாருங்க, கிணத்தைப் பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இங்கயும் காட்டுங்க" என்றது மதில் மேலிருந்த தலை. காட்டினாள்.

பொறியாளர் நெடுநேரம் தாளையே பார்த்தார். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. "நானும் பாக்காம போட்டிருக்கேன்" என்று பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். பிறகு உரக்க, "ஆபீஸுக்கு வா" என்றார். மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் வீங்கிய கன்னத்தோடு மருத்துவமனைக்குத் திரும்பினார். அலுவலகத்தில் பொறியாளர் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அளந்து வந்த எல்லையை அவள் முதலிலிருந்து போட்டாள். கம்பம், கிணறு. அவை இருந்த லேயரை, இனி நகராதபடி, பூட்டினாள். ஒரு நிமிடம் கழித்து, பூட்டியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் குனிந்து அளவைப் படித்தார். அந்த மூச்சு கழுத்தில் பட்டபோதெல்லாம் மவுஸ் வழுக்கியது. மதியம் நர்ஸம்மா வேலை நடுவில் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழிதானே, மூடிடலாம். நல்லவேளை டேங்க் கட்டல" என்றார். பொறியாளர் போனை வைத்தபின்னும் அவள் பக்கம் திரும்பவில்லை. அன்று முழுக்க அவர் அவளை மில்லி என்று கூப்பிடவில்லை.

நான்கு மணிக்குப் புதிய தாளோடு அவளே சைட்டுக்குப் போனாள். குழி பாதி மூடியிருந்தது. மேஸ்திரி இடது மூலையில் கோடு போடச் சுண்ணாம்புப் பொடியோடு காத்திருந்தார்.

"நீங்க சொல்லலன்னா நான்தான் தப்புன்னு நானே நம்பியிருப்பேன் மேடம்" என்றார்.

"உடனே சொல்லல நான்" என்றாள். "கொஞ்ச நேரம் நின்னேன்."

"வாசல்ல நின்னீங்க. பாத்தேன்."

அவள் தாளைப் பிரித்தாள், மடித்தாள், திரும்பப் பிரித்தாள். அவர் டேப்பை இழுத்து ஒரு முனையை அவளிடம் நீட்டினார்.

"மதிலோட ஒட்டிப் பிடிங்க. நான் அளவு சொல்றேன், நீங்க பேப்பர்ல பாத்துச் சொல்லுங்க."

ஐந்தடி என்றார். ஐந்தடி என்றாள். ஒன்பதரை. ஒன்பதரை. இரண்டாவது முறையும் அளந்து முடிந்ததும் அவர் சுண்ணாம்பைக் கையில் அள்ளினார்.

"இன்னொரு தடவை அளந்துடலாமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை ஆச்சே மேடம்."

"இருந்தாலும்."

அவர் சுண்ணாம்பைச் சட்டியிலேயே கொட்டிவிட்டு, டேப்பை மறுபடி இழுத்துக்கொண்டு நடந்தார்.